யூனியன் ஆபீஸ் வாசலில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்த கதை இல்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வருகிற ஷேர் ஆட்டோவில் ஓசியில் கிடைத்தது. டிரைவர் பெயர் நாகப்பன். பின்னால் இடமில்லை என்று என்னைத் தன் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்காரவைத்திருந்தார். வல்லம் தாண்டும்போது அவராகவே சிரிக்க ஆரம்பித்தார்.

"போன மாசம் ஒரு கூத்து சார். ஹாஸ்டல் பொண்ணுங்க, அல்லாம் தெக்கத்திப் பக்கம். 'அண்ணே, யூனியன் ஆபீஸ் போணும்'னுச்சுங்க. ரெண்டு ட்ரிப் அடிச்சு எறக்கி வுட்டேன். ஞாயித்துக்கெயம! ஆபீஸ் பூட்டிக் கீது. இன்னாத்துக்கு பாப்பா வந்தீங்கன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல, முழிச்சிகினு நிக்குதுங்க. அப்பால பாத்தா, அதுங்க போவ வேண்டியது தொழிற்சங்க ஆபீஸாம். நான் இட்டுகினு போய் வுட்டது பஞ்சாயத்து யூனியன் ஆபீஸு!"

நானும் சிரித்தேன். நம் ஜனங்களுக்கு யூனியன் ஆபீஸ் என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்தான். நூறு நாள் வேலைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் அங்கேதான் நடையாய் நடக்கிறார்கள். கொடி பிடிக்கிற யூனியன் வேறு. ஆட்டோக்காரரிடம் "யூனியன் ஆபீஸ்" என்று சொன்னால் அவர் எங்கே போவார்? சரியான இடத்துக்குத்தான் போனார்.

ஆகா, ஒரு நகைச்சுவைக் கதை மாட்டியது என்று எனக்கு ஒரே குஷி. இறங்கும்போது சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன்: "அப்புறம் அந்தப் பொண்ணுங்க என்ன ஆனாங்க?"

"ஆருக்குத் தெரியும் சார். அதுக்கப்புறம் அதுங்கள நான் பாக்கவே இல்ல."

போச்சு. அந்த ஒரு பதில் என் நகைச்சுவைக் கதையின் வாயில் மண்ணை அள்ளிப் போட்டது. இதற்கு மேல் நீங்கள் படிக்கப்போவது எல்லாம் என் கட்டுக்கதை. நாகப்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2

எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரம் அல்லாடினேன். அடித்துப்போட்டவற்றையும் விட்டுவைக்கிறேன். நான் என்ன பாடுபட்டேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

தொடக்கம் ஒன்று: "அதிகாலையில் ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளிகள் சாரை சாரையாக..."

(எந்தக் கம்பெனியில் ஐயா இப்போது சங்கு ஊதுகிறான்? அட்டையைக் காட்டினால் மிஷின் பச்சை விளக்கு காட்டி "பீப்" என்கிறது. உள்ளே போகவேண்டியதுதான். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "இசக்கிசெல்வியின் கண்களில் ஒரு தீ இருந்தது. அந்தத் தீ..."

(அவள் கண்களில் இருந்தது தூக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்ணின் கண்ணில் வேறென்ன இருக்கும்? என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.)

தொடக்கம் மூன்று, அதுவே இருக்கட்டும்: வடக்குப்பட்டு ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி பிழிந்துகொண்டே இசக்கிசெல்வி ஒரு பேச்சைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். "மதிப்புக்குரிய குழுத் தலைவர் அவர்களே" வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பக்கத்தில் கொடியில் சுரிதாரைப் போட்டுக்கொண்டிருந்த கனிஷ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "எக்கா, பள்ளிக்கூடத்துல சுதந்திர தினத்துக்குப் பேசுத மாரியே பேசுதியே!"

"சிரிக்காதட்டி. ஒன்னைய பேசச் சொன்னா தெரியும்."

இசக்கிசெல்வி ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். கனிஷ்கா சங்கரன்கோவில் பக்கம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் நிற்கிறார்கள். கார் ஜன்னலை ஏற்றி இறக்குகிற சுவிட்ச் செய்கிற லைன். இசக்கிசெல்வி அங்கே நான்காவது வருஷமாக நிற்கிறாள். ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளை ஒரு கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டு இன்னொரு கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்வார். அட்டையின் நிறம் மாறும். நிற்கிற இடம், சூப்பர்வைசர், வாங்குகிற திட்டு எதுவும் மாறாது. ஒவ்வொரு முறையும் அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்.

3

இப்போது மசோதா.

கதையில் சட்டம் வந்தாலே வாசகர்கள் நாலு பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தள்ளாதீர்கள், இது ஒரே வரிதான். "உற்பத்தி லைனில் ஓராண்டு நின்றவர், எந்தக் கான்ட்ராக்டர் பெயரில் நின்றிருந்தாலும், அந்தக் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளி."

(இப்படி ஒரு மசோதா நிஜத்தில் இல்லை. தேடி அலையாதீர்கள். கதைக்கு வேண்டுமென்று நானே சட்டமன்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். எழுத்தாளனுக்கு இதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிகிற காரியம்.)

மசோதாவை ஆராய எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய ஒரு குழுவையும் போட்டேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, இரண்டு தரப்பையும் நேரில் கேட்கப்போகிறது. முதலாளிகள் தரப்பு சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "லைன்ல நிக்கிறதுல பாதிக்கு மேல பொண்ணுங்க. மூணு வருஷம் சம்பாதிச்சுட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்குவாங்க. நிரந்தரம் வேணும்னு அவங்க யாருமே கேக்கல."

தொழிற்சங்கத்தில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு கோதண்டம். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒரு காலத்தில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து, சங்கம் ஆரம்பித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவர். அவர் வழக்கு இன்னும் நடக்கிறது. இசக்கிசெல்விக்குத் "தோழர்" என்று கூப்பிட வாய் வராது. "அண்ணாச்சி" என்பாள்.

"அண்ணாச்சின்னு கூப்டாதம்மா. மளிகைக் கடைல பருப்பு கட்றவன் மாரி கீது," என்பார் அவர். அன்றைக்கு ஆனால் சிரிக்கவில்லை. "கேளு. காயிதத்துல ஆயிரம் கையெழுத்து குடுத்துட்டோம். அத்த எவனும் படிக்கப் போறதில்ல. 'கேக்குற பொண்ணு எங்கப்பா?'ன்னு குழுத் தலைவரு கேட்டா, இதோ இங்க கீறாங்கன்னு காட்டணும். ஒம் பேச்சு கேட்டு இன்னா, ஒரு இருவது பேர் வருவாங்களா?"

"வருவாளுவ அண்ணாச்சி."

"மெய்யாலுமா?"

"நான் கூப்ட்டா வருவாளுவ."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். ஒரு வருஷமாக ஒவ்வொருத்தியாகப் பேசிப் பேசிச் சேர்த்தவள் அவள். கக்கூஸுக்குப் போகிற இரண்டு நிமிஷத்தில், கேன்டீனில் தட்டுக் கழுவுகிற இடத்தில், கம்பெனி பஸ்ஸில் தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. ஒவ்வொருத்தியும் கேட்டது ஒரே கேள்வி: "எம் பேரு வெளிய வராதுல்லா?" ஒவ்வொருத்திக்கும் அவள் கொடுத்தது ஒரே பதில்: "வராது. அதுக்கு நான் பொறுப்பு."

4

ஹாஸ்டல் கான்ட்ராக்டருடையது. வார்டன் நினைத்தால் ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பாள். அதனால் எதையும் எழுதக் கூடாது, வாய்வழியாக மட்டும் சொல்லவேண்டும் என்று கோதண்டம் சொல்லியிருந்தார். (லொக்கேஷன் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கவந்தீர்கள்தானே? அதற்குத்தான் இந்தப் பத்தி.)

ஆகவே சனிக்கிழமை இசக்கிசெல்வி ஒவ்வொருத்தி காதிலும் சொன்னாள்: "நாளைக்குக் காலைல யூனியன் ஆபீஸ் வந்துருங்க. அங்கருந்து எல்லாரும் சேர்ந்து மண்டபத்துக்குப் போவோம்."

கவனியுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் அவள் அம்மாவும் யூனியன் ஆபீஸுக்குப் போய்த்தான் வீட்டுக்கு மனுக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாத அர்த்தம் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாகக் கோதண்டத்தின் ஆட்களோடு பழகி, அவர்களோடு டீ குடித்து, அவர்களைப் போலவே பேசி, அந்தச் சொல் அவள் வாயில் வேறு ஆகிவிட்டிருந்தது. யூனியன் என்றால் அவளுக்கு இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறை. அந்த அறைக்கு மற்றப் பெண்கள் ஒருமுறைகூட வந்ததில்லை. பாதுகாப்புக்காக அவளே கூட்டிவரவில்லை.

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் முட்டாளாகக் காட்டலாமா என்று யோசித்தேன். கதைக்குச் சுலபம். மனசு வரவில்லை. இயக்கத்தில் முழுசாக இறங்கினவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். அரைகுறையாக நின்றிருந்தால் "எந்த யூனியன்" என்று சேர்த்துச் சொல்லியிருப்பாள்.)

5

ஞாயிற்றுக்கிழமை. பேச்சைப் பாடம் பண்ணுவதற்காக அவள் முன்னாலேயே போய்விட்டாள். மாடி அறையில் கோதண்டம் எதிர்க்கட்சி மாதிரி குறுக்குக் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல, இந்தமுறை நாக்கு ஒட்டவே இல்லை. நேரம் ஆயிற்று. ஒருத்தியும் வரவில்லை.

கனிஷ்காவைக் கூப்பிட்டாள். "எங்கட்டி இருக்கிய?"

"யூனியன் ஆபீஸ் வாசல்லதான் நிக்கோம். நீ எங்கக்கா இருக்க?"

"நானும் யூனியன் ஆபீஸ்லதான இருக்கேன்! மேல ஏறி வாங்க."

"மேலயா? இங்க மாடியே இல்லியே. கேட்டு பூட்டிக் கெடக்கு."

"பூட்டிக் கெடக்கா? ஏ, போர்டுல என்னட்டி போட்டுருக்கு, வாசி."

கனிஷ்கா எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாக வாசித்தாள். "ஊராட்சி... ஒன்றிய... அலுவலகம்."

நாகப்பன் சிரித்த இடம் இதுதான். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. இசக்கிசெல்வி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அங்கயே நிக்காதிய, கெளம்பி—"

"இருக்கா, போலீஸ்காரர் ஒருத்தர் வாராரு." ஃபோன் அணைந்துவிட்டது.

எம்.எல்.ஏ.க்கள் ஊருக்கு வந்திருக்கிற நாள், ரோட்டுக்கு ரோடு பந்தோபஸ்து. பூட்டிய அரசாங்க ஆபீஸ் முன்னால் இத்தனை பெண்கள் கூட்டமாக நின்றால் போலீஸ்காரன் கேட்காமல் என்ன செய்வான்? எந்த ஊர், எந்தக் கம்பெனி, எதற்கு வந்தீர்கள்? முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதற்கு வரவில்லை. யாரும் சங்கத்தின் பெயரை எடுக்கவில்லை. அவர்கள் பெயர் வெளியே வராது என்று அவள் வாக்குக் கொடுத்த மாதிரியே, அவர்களும் அவள் பெயரை வெளியே விடவில்லை. சந்தேகம் வந்து அவன் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு ஃபோட்டோ எடுத்தான். "சும்மா, ரிப்போர்ட்டுக்கு."

கோதண்டம் மண்டபத்துக்கு ஓட, இசக்கிசெல்வி பெண்களைத் தேடி ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர்களை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். திட்டி, கண்டித்து, விட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மண்டபத்தில் குழு எழுந்து சாப்பிடப் போயிருந்தது. முதலாளிகள் தரப்பு வக்கீல் கடைசியாகப் பேசினாராம்: "கேட்கிற பெண்கள் யாராவது இருந்தால் இன்று வந்திருப்பார்களே, ஐயா." தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

6

திங்கட்கிழமை கேட்டில் இசக்கிசெல்வியின் அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் வந்த கனிஷ்காவுக்குச் சிவப்பு. அடுத்தவளுக்கும் சிவப்பு. ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்குப் போயிருந்த அந்த ஃபோட்டோவில் இருந்த அத்தனை பேருக்கும் சிவப்பு. அதில் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

"நீ போம்மா, பின்னால லைன் நிக்குது," என்றான் செக்யூரிட்டி. அவள் போனாள். போகாமல் அங்கேயே நின்றிருக்கலாம். ("நின்றாள்" என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன், பொய்யாகத் தெரிந்தது. பழகிப்போன கால் அது, பச்சையைப் பார்த்ததும் நடந்துவிடும்.) அன்றைக்கு முழுவதும் அவள் கையில் வந்த சுவிட்சுகளை அழுத்தி அழுத்திப் பார்த்தாளே தவிர, எது நல்லது எது ஓட்டை என்று மனதில் ஏறவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

சாயங்காலம் கோதண்டத்திடம் போய் அழுதாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "ஒரு வகைல நல்லதாப் போச்சும்மா."

"என்னது?"

"அவசரப்படாத. குழு கடைசியா இன்னொரு தபா மெட்ராஸ்ல ஒக்காரப் போவுது. சங்கத்துக்கு வந்ததுக்காக வேலைய வுட்டுத் தூக்கினாங்கன்னு இந்தப் பொண்ணுங்களயே இட்டுகினு போய் நிறுத்தினா, எவன் வந்து இன்னா பேசுவான்? இத வுட சாட்சி இன்னா வோணும்?"

"அவளுவ வேல போனது ஒங்களுக்கு நல்லதா அண்ணாச்சி?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஒருத்திக்கு அப்பா இல்ல, ஒருத்தி தங்கச்சியப் படிக்க வைக்கா. நீங்க சாட்சிங்கிய!"

"எனுக்குந்தான் வேலை போச்சு." அவர் திருப்பிக் கத்தவில்லை. "எனுக்கு அன்னிக்கு இந்தச் சட்டம் இல்ல. அதான் இன்னும் கோர்ட்டுக்கு அலஞ்சிகினு கீறேன்."

கோதண்டத்தை வில்லனாக்கிவிடலாம் என்று ஆசை வந்தது. முடியவில்லை. அவர் சொல்வது சரி. அவள் கத்தியதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டு நான் முழித்தேன்.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கம்பெனியில் ஹெச்.ஆர். என்று ஒருவர் இருக்கிறாரே. பெயர் ரகுபதி. குரலே உயர்த்தாத மனிதர். பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அந்த ஃபோட்டோவைக் காட்டினார்.

"பின்னாடி போர்டு பாருங்க. ஊராட்சி ஒன்றிய அலுவலகம். ஹாஸ்டல்ல தண்ணி சரியா வரல, அதுக்கு மனு குடுக்க யூனியன் ஆபீஸ் போனீங்க. ஞாயித்துக்கிழமைன்னு தெரியாம போயிட்டீங்க. இதுல தப்பு என்னம்மா இருக்கு? என்கொயரில அத மட்டும் சொல்லுங்க, மறுநாளே லைனுக்கு வந்துடலாம். நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே. நீங்க நின்னது அங்கதானே?"

அயோக்கியத்தனத்தை இவ்வளவு அன்பாகச் செய்ய முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் உண்மை. தண்ணீர் வராததும் உண்மை. அதை அவர்கள் சொல்லிவிட்டால் வேலை கிடைக்கும், இசக்கிசெல்வியும் தப்பிப்பாள். கூடவே, அந்தக் கம்பெனியில் சங்கத்துக்குப் போன பெண் ஒருத்திகூடக் கிடையாது என்று அவர்கள் வாயாலேயே பதிவாகும். மெட்ராஸில் வக்கீல் அதை எடுத்து வாசிப்பார்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) எல்லோரும் உண்மையைச் சொல்கிறார்கள். மசோதா நிறைவேறுகிறது. (இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. நிறைவேறினாலும் அந்தச் சட்டம் லைனில் நிற்பவர்களுக்கு. இவர்கள் அப்போது ரோட்டில் நிற்பார்கள்.)

ஆ) எல்லோரும் தண்ணீருக்குப் போனோம் என்கிறார்கள். அட்டைகளுக்குப் பச்சை எரிகிறது. பதினோரு மாதம் முடிந்ததும் கான்ட்ராக்டர்...

இ) இசக்கிசெல்வி உள்ளே நுழைந்து, "நான்தான் கூப்ட்டேன், என்னையத் தூக்குங்க" என்கிறாள். (எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்த முடிவு. கை பரபரத்தது. ஆனால் யோசியுங்கள். அவள் சங்கத்துக்குக் கூப்பிட்டாள் என்றால் அவர்கள் சங்கத்துக்கு வந்தவர்கள். தன்னைக் காட்டிக்கொடுத்தால் எல்லோரையும் காட்டிக்கொடுத்ததாகிறது. பாவி நான், அந்தப் பெண்ணுக்குத் தியாகம் செய்யக்கூட ஒரு வழி விடாமல் கதையைக் கட்டித் தொலைத்திருக்கிறேன்.)

8

என்கொயரிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் எல்லோரும் ஹாஸ்டல் அறையில் கூடியிருந்தார்கள். கட்டிலில் இடமில்லாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இசக்கிசெல்வியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ சொல்லுக்கா," என்றாள் கனிஷ்கா. "நீ கூப்ட்டுத்தான் வந்தோம். இப்பமும் நீ சொல்லுதத நாங்க சொல்லுதோம்."

கோதண்டம் சொன்னதை அவள் முழுசாகச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. ரகுபதி சொன்னதையும் மறுபடி சொன்னாள். அதற்குப் பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "தண்ணிக்குப் போனோம்னு சொல்லிருங்க," என்றாள்.

அறையில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள், நிம்மதியில்தான். எழுந்து எழுந்து போனார்கள். கனிஷ்கா மட்டும் போகவில்லை.

"அப்பம் நாம எதுக்குக்கா போனோம்?"

இசக்கிசெல்வி காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவளுக்காக நான் பதில் எழுதப் பார்த்தேன். நாலைந்து எழுதினேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக ஒன்றும் தேறவில்லை. கனிஷ்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கீழே சாப்பிடப் போனாள்.

9

மறுநாள் முதலில் கனிஷ்காவைத்தான் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் ரகுபதி, ஓரத்தில் டைப் அடிப்பவர். மற்றவர்கள் வெளியே பெஞ்சில். கதவைச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது பெஞ்சுக்குக் கேட்கும்.

"போன ஞாயித்துக்கிழமை எங்கம்மா போனீங்க?"

"யூனியன் ஆபீஸுக்கு."

ரகுபதி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், சரியாகப் போகிறது என்கிற மாதிரி.

"எந்த யூனியன்?"

டைப் அடிப்பவர் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கனிஷ்கா வாயைத் திறக்கிறாள்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தந்திரம் என்று நினைக்காதீர்கள், எனக்கு நிஜமாகவே சொல்லத் தைரியமில்லை. ஆட்டோவில் கேட்டுச் சிரித்தவன் நான். இதைத் தீர்மானிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீங்கள் சொல்லுங்கள். அவள் எது சொன்னாலும் பெஞ்சில் இருப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.